பதினேழாம் குடுவை

“பதினேழு சாப்பிட்டாச்சா?”

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் டாக்டர் தேவானந்தம் தினமும் காலை ஒன்பதுக்கு உள்ளே வருவார். குட்மார்னிங் கிடையாது, வெயில் மழைப் பேச்சு கிடையாது. ஜெயபுஷ்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை.

“ஆச்சு சார்” என்றாள் அவள்.

பதினேழாம் நம்பர் படுக்கையில் கிடக்கும் நோயாளியாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது உள்ளங்கை அகலக் கண்ணாடிக் குடுவை. வேலூரில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில், குடுவையின் அடியில் மனித உயிரணுக்களை ஒட்ட வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபுஷ்பம் பழைய சத்துநீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவதற்குப் பெயர்தான் சாப்பாடு. அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். மனுஷர் கேட்பது என்னவோ தினமும்!

மனிதனுக்கு வயதாவது எங்கே தொடங்குகிறது, உயிரணுவிலா, இதயத்திலா என்பது டாக்டரின் ஆராய்ச்சி. ஓர் அலமாரி முழுக்க ஜாடிகளில் இறந்தவர்களின் இதயங்கள். முந்நூறு இதயங்களை அறுத்து, எடைபோட்டு, அறை எவ்வளவு பெரிது, சுவர் எவ்வளவு தடிமன் என்று எழுதி வைத்தவர். எதிரே துடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றை மட்டும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்று ஜெயபுஷ்பம் மனசுக்குள் குமைவாள்.

நாலு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், இருபது பேரின் முன்கையில் அரிசி அளவு தோல் எடுத்து இருபது குடுவைகளில் போட்டார்கள். நர்சுகள், வாட்ச்மேன் சர்தார் பாஷா, கூட்டிப் பெருக்கும் எல்லம்மா, ஆள் குறைகிறதே என்று கடைசியில் ஜெயபுஷ்பமும். எது யாருடையது என்று குடுவையில் எழுத மாட்டார்கள், நம்பர் மட்டும்தான். சோறு ஊட்டுகிறவளுக்குப் பெயர் தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்யுமாம். பெயரேடு டாக்டரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

உயிரணு இத்தனை தடவைதான் பெருகும், பிறகு நின்றுவிடும். பத்தொன்பது குடுவைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பதினேழு மட்டும் பெருகிக்கொண்டே இருந்தது. கடைசிக் குடுவை நிற்கும்வரைதான் ஜெயபுஷ்பத்துக்கும் வேலை. அதன் பிறகு ஆம்பூரில் தம்பி வீடுதான் கதி. தம்பி பெண்டாட்டி இப்போதே சமையல்காரியை நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது.

கரண்ட் போனால் குடுவை குளிர்ந்துவிடும். அப்போதெல்லாம் அதைத் துணியில் சுற்றி இடுப்புச் சேலைக்குள் வைத்து, பெற்ற பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்த துணை அது ஒன்றுதான். ஒருமுறை டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், விருட்டென்று திரும்பிப் போய்விட்டார்.

“சம்சாரம் போனதுலர்ந்து அந்தாளுக்கு இந்த பாட்டில்தாம்மா எல்லாம். நீங்க இன்னாத்துக்கு பேஜார் ஆவுறீங்க?” என்பாள் எல்லம்மா.

இன்று “ஆச்சு சார்” என்று சொன்ன பிறகும் ஜெயபுஷ்பம் நகரவில்லை.

“மூணு வாரமா பதினேழு பெருகல சார். நீங்களே பாருங்க.”

மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“முடிஞ்சிடுச்சு” என்றார்.

“அப்ப நானும் நாளைக்கி ஆம்பூருக்குக் கிளம்பறேன் சார்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், ஜெயபுஷ்பத்துக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“நாலு வருஷம் சார்! கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட இங்க வந்து ஊத்திட்டுதான் சர்ச்சுக்குப் போனேன். தினம் தினம் பதினேழத்தான் கேட்டீங்க. எதிர்ல நிக்கிறவ சாப்டாளா, பட்டினியான்னு ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா? என்னைக் கேக்க இந்த ஊர்ல ஒரு நாதி இல்ல சார்!”

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கிளம்புகிற நேரத்திலா கொட்ட வேண்டும்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் கொண்டுவந்த டிபன் டப்பா அவள் மேஜைமேல் திறக்காமலே இருந்தது. டாக்டரின் பார்வை அதில் போய் நின்றது.

“கோச்சிக்காதீங்க சார். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆராய்ச்சிதான் முடிஞ்சிடுச்சே, இனிமே சொன்னா தப்பில்ல. யார் அந்தப் பதினேழு? நீங்க இவ்ளோ ஜாஸ்தி விசாரிக்கிற அளவுக்குக் குடுத்து வச்சது யாரு?”

டாக்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். பெயரேட்டைப் புரட்டி, பதினேழாம் எண்ணின்மேல் விரலை வைத்தார்.

“படிங்க சார்.”

அவர் ஏட்டைப் பார்க்கவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பதினேழுக்கு எதிரே எழுதியிருந்த பெயரை வைத்து, தினமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

“ஜெயபுஷ்பம் சாப்பிட்டாச்சா?”