கோலத்தை அழிச்ச பாவி

“இன்னிக்கும் அழிச்சுட்டான்! அவன் கை விளங்குமா?”

ஆபீஸிலிருந்து வந்த முத்துராமன் டையைக்கூடக் கழற்றவில்லை, பிரபாவதி பிடித்துக்கொண்டாள்.

“கையாலதான் அழிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“காலால அழிச்சிருந்தா காலும் விளங்காம போகட்டும்!”

முத்துராமன் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

மதுரையில் தெருவையே அதட்டி வைத்திருந்த மனுஷன்தான். வேலைக்காக வளைகுடாவுக்கு வந்து இந்தக் கராமா ஃபிளாட்டில் குடியேறிய நாளிலிருந்து லிஃப்டில் பக்கத்தில் ஆள் இருந்தால் இருமக்கூட யோசித்தார். வாசலில் கோலம் போட்டால் கட்டிட ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று வேறு ஒரே உதறல். ‘வேண்டாம்டி’ என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் கேட்டால்தானே!

“விடியறதுக்குள்ள எழுந்து புள்ளி வச்சுப் போடறேங்க. பிருந்தாவை ஸ்கூல் பஸ் ஏத்திட்டு வந்து பார்த்தா மாவுகூட மிச்சமில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரி மேலதான் எனக்குச் சந்தேகம். நேத்து பாயசம் வச்சேன், அவளுக்குக் கொடுக்கவே இல்லை.”

“சேச்சே, அவங்களா இருக்காது.”

“சனி, ஞாயிறு மட்டும் கோலம் அப்படியே இருக்கே, அது எப்படி?”

“அந்தப் பாவிக்கும் லீவு வேணாமா?”

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. “வாசல்ல ஒரு கோலம் போட முடியலைன்னா இது என்னங்க வீடு? எனக்கும் பிருந்தாவுக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டுடுங்க.”

பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் இந்த ஊரில் முத்துராமனுக்கு என்ன இருக்கிறது?

அழைப்பு மணி அடித்தது. வாட்ச்மேன் ஜெய்னுலாப்தீன்.

“அக்கா, கோலம் போடறது நீங்கதானே?”

முத்துராமன் பதறி எழுந்தார். “சாரி பாய், இனிமே போட மாட்டாங்க!”

“அட, நீங்க வேற சார்! ஓனரம்மா ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு அசந்துபோயிட்டாங்க. கீழ் ஹால்லயும் ஒண்ணு போட்டுத் தரணுமாம். மறுநாள் போட்டோ எடுக்க வந்தா கோலத்தைக் காணோம். யாரு அழிக்கிறான்னு கேமராவுல பார்க்கச் சொன்னாங்க. போன்ல ஏத்திக் கொண்டாந்திருக்கேன்.”

“பாவம், விட்டுடுங்க பாய். யாராவது பயந்த சுபாவமா இருப்பாங்க.”

“உங்களுக்கு ரொம்பத்தான் இளகின மனசு!” என்று பிரபாவதி போனைப் பிடுங்கினாள்.

திரையில் முத்துராமன், டை கட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸ் காலால் கோலத்தைக் கர்ம சிரத்தையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிரபாவதி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“டிக்கெட் வேண்டாங்க. நாளையிலேருந்து நீங்க எழுந்து கோலம் போடுங்க, நான் அழிச்சுக்கறேன்.”