பொன்னாடைத் திண்டு

துணியில் கத்தரியை வைத்துவிட்டார். அழுத்தத்தான் கை வரவில்லை.

மேசைமேல் பொன்னாடை விரிந்து கிடந்தது. ஊதா. இரு கரையிலும் ஜரிகை. மூலையில் குண்டூசி குத்திய ஒரு சீட்டு: ‘பிச்சாண்டி. சங்கத் தேர்தல் வெற்றி விழா.’

அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரும் அதே பிச்சாண்டிதான்.

அழுத்தினார்.

இத்தனை வருடம் பட்டு என்று நினைத்திருந்தார். வெட்டும்போதுதான் நைலான் என்று தெரிந்தது.

பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பதினெட்டு ஆண்டு தலைவராக இருந்தவர். பீரோவில் நாற்பத்திரண்டு பொன்னாடைகள். ஒவ்வொன்றிலும் யார் போர்த்தியது, எதற்காக என்று அவர் கையெழுத்தில் சீட்டு. ஒருவர் செய்த மரியாதை மறந்துபோகக் கூடாது. இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது.

நாளை மறுநாள் சம்பந்தி வருகிறார். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருகை. அவருக்கு முதுகுவலி. புது சோபாவோ கிணறு மாதிரி ஆழம். திண்டு இல்லாமல் சாய முடியாது.

கடையில் போய்ப் பார்த்தார். ஒன்றில் சிவப்பு உதடு. ஒன்றில் கண்ணடிக்கும் பூனை.

சம்பந்தி பூனைமேலா சாய்வது?

“டெய்லர்கிட்ட குடுத்திடலாமே” என்றாள் மனைவி கோமளம்.

“எனக்குப் போட்ட பொன்னாடைய ஊரான் வெட்டுறதா?”

தெருக்கதவைச் சாத்திவிட்டு அவளுடைய தையல் மெஷினில் உட்கார்ந்தார்.

ஐந்து திண்டு. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஐவரும் அவரிடம் வாங்கித் தின்று, வெளியே போய் ஏசியவர்கள்.

“முதுகுக்குப் பின்னால பேசினவங்கதானே. முதுகுக்குப் பின்னாலயே கெடக்கட்டும்.”

கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முந்தின நாள் பீரோவிலிருந்து ஒரு அடுக்கை எடுத்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்டிருந்தார். மின்விசிறி சுற்றியதில் சீட்டுகள் பறந்தன. பொறுக்கி, நிறம் பார்த்துத் திரும்பக் குத்தினார். எந்த நிறம் யாருடையது என்று அவருக்கா தெரியாது?

பதினாறு அங்குலச் சதுரம். தையலுக்கு ஓர் அங்குலம் கூடுதல். ஓரக் குஞ்சங்களை வெட்டித் துணிப்பையில் போட்டார். பகைவனுக்குக் குஞ்சம் எதற்கு?

முதல் திண்டில் ஊசி முறிந்தது. இரண்டாவதில் தையல் கோணியது. பிரித்துத் தைத்தார். மூன்றாவதில் கை பழகிவிட்டது. உள்பக்கம் வெளியே வைத்து அடித்து, திருப்பி, கரண்டிக் காம்பால் மூலைகளைக் குத்தி நிமிர்த்தினார். இலவம்பஞ்சு அடைத்து வாய் மூடினார்.

மூலைகள் அவரைப்போலவே விறைப்பாக நின்றன.

மறந்துபோய் ஒருமுறை சீட்டியடித்தார்.

சம்பந்தி வந்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார்.

“அப்பாடா” என்றார்.

அந்த ஒரு சொல் போதும். அவர் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே குளிர்ந்திருந்தது.

“தையல் நல்லா உறுதியா இருக்கே. எந்தக் கடை?”

“இவுங்களே தெச்சதுண்ணே” என்று கோமளம் சொல்லிவிட்டாள்.

அவர் அவளை முறைக்க நினைத்தார். முறைக்கவில்லை.

சம்பந்தி பக்கத்திலிருந்த மாம்பழ நிறத் திண்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். ஜரிகைக்கு அருகே ஒரு பழைய கறை. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். ஒருமுறை. இன்னொருமுறை.

“இது என் கைச் சந்தனம்ல?”

அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நிச்சயத்தன்னைக்கு உங்களுக்குப் போத்தும்போது ஒட்டிருச்சு. புதுத் துணிய இப்படிப் பண்ணிட்டோமேன்னு ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல.”

மாம்பழ நிறத்தில் இரண்டு இருந்தன. ஒன்று சம்பந்தி போர்த்தியது. மற்றது, சங்கக் கணக்கைக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதிப்போட்ட தவசி போர்த்தியது.

சீட்டு மாறியிருக்கிறது. தவசியின் பொன்னாடை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சம்பந்தியின் பெயரில்.

காபித் தம்ளரோடு கோமளம் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

“எத்தனை பெரிய மனுசங்க கையால வாங்கினவரு நீங்க. அதுல எங்களுதையும் எடுத்து, உங்க கையாலயே தெச்சு, நடுவீட்டுல வெச்சிருக்கீங்க.” சம்பந்தியின் குரல் தழைந்திருந்தது. திண்டை மடியிலிருந்து இறக்கவில்லை. “மத்த நாலும் யாரு போத்தினது, சம்பந்தி?”

அவர் சோபாவைப் பார்த்தார்.

ஊதா. பச்சை. செம்பு. ரோஸ்.



“எல்லாம் வேண்டியவங்கதான்” என்றார்.

சாப்பாடு முடிந்தது. சம்பந்திக்கு ரசம் பிடித்திருந்தது. இரண்டு மணி வண்டிக்குக் கிளம்பினார். வாசலில் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

கோமளம் தம்ளர்களைக் கழுவிவிட்டு வந்தபோது சோபாவில் மாம்பழ நிறத் திண்டு மட்டும் இருந்தது.

மற்ற நான்கும் தையல் மெஷின்மேல். அவர் துணிப்பையைத் தரையில் கொட்டி, வெட்டிப்போட்ட குஞ்சங்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊதாவை முதலில் எடுத்தார். நான்கு மூலைக்கு நான்கு.

“இது பிச்சாண்டியோடதுல்ல? இதுக்கு எதுக்குங்க குஞ்சம்?”

நூல் கோத்துத் தரச் சொல்லி ஊசியை அவளிடம் நீட்டினார்.

“வேண்டியவங்கன்னு சொல்லியாச்சுல்ல” என்றார்.