சம்பந்தியின் கன்மேன்

"நாலடி தள்ளி நில்லுப்பா. இப்படி ஒட்டிக்கிட்டு நின்னா சொந்தக்காரன்னு நெனைச்சிடுவாங்க" என்றார் கிருஷ்ணசாமி, வாசலில் சிரித்த முகமாகக் கும்பிட்டபடியே.

பிரேம்குமார் தள்ளி நின்றான். சாம்பல் நிற சஃபாரி, இடுப்பில் தோல் உறை. உறைக்குள் இருந்தது அவன் மகள் தீபாவளிக்கு வெடித்த பொட்டுத் துப்பாக்கி.

அவன் போலீசே இல்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பவன். ஆள் ஆறடி, மீசை அடர்த்தி. அதைப் பார்த்துத்தான் கிருஷ்ணசாமி பிடித்து வந்திருந்தார்.

வாரியத் தலைவராக இருந்த காலத்தில் அரசாங்கம் பாதுகாப்புக்குக் கொடுத்த நிஜமான கன்மேன், துப்பாக்கி வைத்த போலீஸ்காரர், நிச்சயதார்த்தம் வரை அவர் பின்னால் நின்றார். போன மாதம், பதவி போனவர்களுக்கு ஆபத்தும் போய்விட்டது என்று சொல்லித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இன்று ரெட்டியார்பாளையம் மண்டபத்தில் மகள் கவிநிலாவின் கல்யாணம்.

மாப்பிள்ளையின் அப்பா கமலக்கண்ணன் காரை விட்டு இறங்கினார். அவரும் பதவி போன முன்னாள்தான். ஆனால் பின்னாலேயே கறுப்புக் கண்ணாடியும் ஒட்ட வெட்டிய முடியுமாக அவருடைய கன்மேன் இறங்கினான்.

"அவருக்கு மட்டும் எடுக்கல பாத்தியா. மேலிடத்துல ஆள் இருக்கு" என்று முணுமுணுத்தார் கிருஷ்ணசாமி.

பிரேம்குமார் இடுப்பு உறையைக் கையால் மறைத்தான். "ஐயா, அது நெசப் போலீசு. எந்த ஸ்டேஷன்னு ஒரு வார்த்தை கேட்டா நான் காலி. போலீஸ் வேஷம் போட்டான்னு உள்ள தள்ளிடுவாங்க. நான் கெளம்புறேன்."

"தாலி ஏறட்டும்யா. பாதியில நீ போனா என் மானம் போவும். எம் பொண்ணு அந்த வீட்ல காலம் பூரா பேச்சு வாங்குவா."

பிரேம்குமார் நின்றான். அந்தக் கறுப்புக் கண்ணாடி அவன் இடுப்பையே பார்ப்பதுபோல் இருந்தது. இவன் தூண் பக்கம் ஒதுங்கினான். கெட்டிமேளம் முழங்கும்வரை அந்தக் கன்மேனும் எதிர்த் தூணை விட்டு நகரவில்லை.

தாலி ஏறியது. நழுவலாம் என்று திரும்பியவனைப் பெண்ணின் அம்மா துர்கா மறித்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? போலீஸ்கார தம்பிங்க ரெண்டு பேரும் மொதப் பந்தியிலயே உக்காருங்க."

ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனாள்.

சோறு விழுந்தது. பிரேம்குமார் தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்து இலைக்காரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். குனிந்து, காதோரம் வந்தான். கேட்கப் போகிறான்.

"சார், காலைலேந்து ஒங்களுக்குப் பயந்துதான் அந்தத் தூணோட ஒட்டிக்கிட்டு நின்னேன். நான் போலீசு இல்ல சார், நோணாங்குப்பத்துல படகு ஓட்டுறவன். எங்க ஐயாவுக்கும் போன மாசம் கன்மேன எடுத்துட்டாங்க. கௌரவம் போவுதுன்னு என்னைக் கொண்டாந்து நிறுத்திட்டாரு. உறைக்குள்ள டிவி ரிமோட்டுதான் சார் இருக்குது. புள்ளகுட்டிக்காரன், விட்ருங்க."

பிரேம்குமார் அவனை மேலும் கீழும் பார்த்தான். நிதானமாக அப்பளத்தை நொறுக்கினான். இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டான்.

"கல்யாண வீடாச்சேன்னு விடுறேன்" என்றான். "ஆயுதத்த மட்டும் எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போ."