தீபாராதனையும் மீட்டர் முள்ளும்

மடுல்சீமைத் தோட்டத்து ஓடையோரம், தகரக் கூரை போட்ட பவர்ஹவுஸில் ஜீவராணி நிற்கிறாள். தண்ணீர் சுழற்றும் ஜெனரேட்டரின் மின்சாரம் டி.சி. நேரோட்டமாக மாறி, மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறது. வோல்டேஜைத் தானாகச் சரிசெய்யும் பெட்டி முந்தாநாள் இடியில் கருகிவிட்டதால், அந்த வேலை இப்போது அவள் வலது கையில் இருக்கிறது. கறுப்புக் குமிழைத் திருகினால் ஜெனரேட்டருக்குள் காந்தம் வலுக்கிறது, தளர்த்தினால் குறைகிறது. மீட்டர் முள்ளும் கூடவே ஏறி இறங்குகிறது. நேற்றுத் தீபாராதனைக்காகக் கோயில் விளக்குகளை ஒரேயடியாக அணைத்தபோது முள் எகிறி, லயத்து பல்புகளில் பாதி கருகிப்போயின. இன்று திருவிழாவின் கடைசி நாள். ஈரச் சுவரில் மீட்டருக்கு மேலுள்ள சிவப்பு விளக்கின் ஒளி நடுங்குகிறது. பலகையில் சாய்த்து வைத்த போனில் கோயில் மேளம் கேட்கிறது.

"தங்கச்சி, லைட்ட அணைக்கப் போறேன்," என்கிறார் பூசாரி கந்தப்பன்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே." குமிழைத் தளர்த்துகிறாள். முள் சற்றே தாழ்கிறது. "ம், இப்ப அணைங்க."

முள் துள்ளி எழுந்து, சரியான அளவைக் காட்டும் பச்சைக் கோட்டில் வந்து நிற்கிறது. போனில் மணி ஓயாமல் அடிக்கிறது. மேலே எல்லார் கைகளும் குவிந்திருக்கும். மணி ஓய்ந்து விளக்குகள் எரிந்ததும் முள் சரிகிறது. குமிழைத் திருகி அதை மேலே கொண்டுவருகிறாள்.

"லயத்துல ஒரு பல்பும் போகல, தங்கச்சி. ஒனக்குத்தான் ஆரத்தியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கக் கிடைக்கல."

"இருக்கட்டுங்கண்ணே."

குமிழை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைச் சிவப்பு விளக்கின் மேல் ஒரு கணம் காட்டி, கண்களில் ஒற்றிக்கொள்கிறாள்.