மெஷின் நின்றுபோன நேரம்

"பயமா இருந்தா இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க. உடனே வெளியே எடுத்துடுவோம்" என்று வீட்ஸ்கேவின் கையில் பந்தைக் கொடுத்தாள் ஹென்னி. குரோனிங்கன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்கேன் மெஷினை இயக்குபவள் அவள்தான்.

ஆண் மூளை பயத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது, பெண் மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அங்கே ஆராய்ச்சி. தம்பதியாக வரச் சொல்லியிருந்தார்கள்.

வீட்ஸ்கே வந்தது ஆராய்ச்சிக்காக இல்லை. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் ஊர் மீட்புப் படகுக்குழுவில் சேர இரண்டு வருடமாக அலைகிறாள். படகின் தலைவன் அவள் கணவன் ஷூர்ட். அவளைச் சேர்க்கலாம் என்று கூட்டத்தில் அவன் கை தூக்கினால்தான் மற்றவர்களும் தூக்குவார்கள். அவனோ, "புயல்ல நீ அழ ஆரம்பிச்சா, நான் மூழ்குறவனைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா?" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

கடைசியில் பந்தயமாகிவிட்டது. இருவரும் மெஷினுக்குள் போவது. அவள் அழாமல் வெளியே வந்தால், இன்று சாயங்காலக் கூட்டத்தில் அவன் கை தூக்குவான்.

உள்ளே தலையை அசைக்க முடியாதபடி ஒரு கூண்டு. மூக்குக்கு நாலு விரல் மேலே கூரை. காதுக்குள் சம்மட்டி அடிக்கிற சத்தம். கண்ணெதிரே படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அலறுகிற முகம், பாய்கிற நாய், தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும்.

வீட்ஸ்கே மூச்சு நின்றுவிடும் என்று நிஜமாகவே பயந்தாள். வேர்த்த உள்ளங்கையில் பந்து வழுக்கியது. அமுக்கவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தாள்.

வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

காபி குடித்துக்கொண்டிருந்த ஷூர்ட் நிமிர்ந்து பார்த்தான். "படத்துக்கே இந்தக் கதியா? கடல்ல வர்றது படம் இல்லம்மா."

அடுத்து அவன் முறை. விசிலடித்துக்கொண்டே உள்ளே போனான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. மெஷின் நின்றுபோய்விட்டதாம். இன்றைக்கு அவ்வளவுதான் என்றாள் ஹென்னி.

"சே, அப்பத்தான் கண்ணசர ஆரம்பிச்சேன்" என்று அவளுக்குப் பின்னால் வந்த ஷூர்ட் சிரித்தான். காரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அந்தக் குளிரில் கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்ஸ்கே பையிலிருந்து படகுக்குழு மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஹென்னியிடம் பேனா கேட்டாள். என்ன தாள் என்று கேட்ட ஹென்னியிடம் பந்தயத்தை மறைக்காமல் சொன்னாள்.

"அவர் சொல்றது சரிதான். இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு நான் கடலுக்குப் போனா, என்னால ஒரு உயிர் போயிடும். இதுல என் பேரை அடிச்சுக் குடுத்துடறேன்" என்றாள். "ஆம்பளைங்களுக்கு நிஜமாவே பயம் வராதாங்க?"

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரின் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றாள் ஹென்னி. ஆனால் நாற்பது நிமிடமும் முழுசாகப் படுத்திருந்தவர்களை மட்டும்தான் அதில் சேர்ப்பார்களாம். பாதியில் மெஷின் நின்றுபோனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

ஹென்னி பேனாவை எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை. வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"உள்ள போனவங்க என்ன செஞ்சாங்கன்னு நான் வெளியே சொல்லக் கூடாது. மெஷினைப் பத்தி வேணும்னா சொல்றேன். இந்த வருஷம் இதோட பதினோரு தடவை நின்னிருக்கு."

பேனாவைத் தன் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டாள்.

"பொம்பளைங்க உள்ள இருக்கும்போது ஒரு தடவைகூட நின்னதில்லை."