பழைய மாடலுக்கு ஒரு வக்கீல்

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரு ப்ரான்வின். பழசு இவ்வளவு மோசமாத் தோத்திருக்காது."

"மூணு தடவை ஓட்டியாச்சு டெஸ். நீங்களே பாருங்க." ப்ரான்வின் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும் வழியில் அயனி மண்டலம் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். எவ்வளவு என்று கணித்துச் சொல்ல, டார்வின் நகர அலுவலகத்தில் பழைய கணினி மாடல் ஒன்று இருந்தது. கணிப்பு பிசகினால் விமானமும் கப்பலும் தாம் இருக்கும் இடத்தையே தப்பாகக் கணக்கிடும். இப்போது அதற்குப் போட்டியாகப் புது மாடல் ஒன்று வந்திருந்தது. பாரபட்சம் கூடாதென்று, செய்தவர் பெயரை மறைத்தே அவளிடம் கொடுத்திருந்தார்கள். வடக்குக் கரையோர ரிசீவர்கள் அளந்த நிஜத் தாமதத்தோடு இரண்டையும் ஒப்பிட்டாள். புதியதுதான் நெருங்கி வந்தது.

"பகல்ல பழசும் சரியாத்தானே சொல்லுது?"

"பகல்ல சரி. சூரியன் சாஞ்சதும் தடுமாறுதே! நம்ம ஊர்ல அயனி மண்டலம் கொந்தளிக்கிறதே அந்த நேரத்துலதானே?"

டெஸ்மண்ட் நாற்காலியில் சாய்ந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறாள், பழைய மாடலை வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"இதுக்கு அளவெடுக்க ஆன்டெனாவைத் தூக்கிக்கிட்டு எங்கெல்லாம் அலைஞ்சோம் தெரியுமா? கேத்தரின் ஊர்ல ஒரு வாலபி கங்காரு கேபிளையே கடிச்சு வெச்சுது. இன்னொரு நாள் மழைல வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. பொழுதன்னைக்கும் மாம்பழமும் ஆறிப்போன டீயும்தான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது, போ!"

சொல்லிவிட்டு, திரையில் பழைய மாடலின் கோட்டை விரலால் தடவினார். ப்ரான்வினுக்குப் பாவமாக இருந்தது.

"மனசைத் தளர விடாதீங்க டெஸ். உங்க மாடல் இத்தனை வருஷம் உழைச்சிருக்கு. தோத்ததுல கேவலம் ஒண்ணுமில்ல. நாளைக்கு உங்க கையாலயே அதை நிறுத்துங்க. ஜெயிச்சது யாருன்னு தெரிஞ்சதும், போய்க் கை குலுக்கிட்டு வந்துடலாம்."

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கயும் போக வேணாம்மா, இங்கயே குலுக்கு. புதுசு என்னுது" என்றார். "பழசு என் பொண்டாட்டி லோர்னா செஞ்சது. இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட அவளை நான் ஜெயிச்சதில்ல. இன்னைக்கு ஜெயிச்சிட்டேன்... ஒத்துக்க மாட்டேன்னு சண்டை போட அவதான் இல்ல."