பசிக்காத குழந்தை

குழந்தையைப் பார்த்துவிடக் கூடாதென்று அவள் பேரீச்சம்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழு பழம். எண்ணியாகிவிட்டது.

எதிரே, கம்பளத்தில், அந்த வீட்டு மருமகள் ஷம்ஸா. மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை.

ஆண்களுக்கு முன்கூடம், பெண்களுக்கு உள்ளறை. ஓமானில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விருந்தாளியை அப்படித்தான் உட்காரவைப்பார்களாம். கணவர் தணிகாசலமும், ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிவந்த ஜெய்லானி பாயும் அங்கே. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அவள் இங்கே.

ஷம்ஸாவுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு அரபியில் ஒரே ஒரு சொல் தெரியும். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காரில் கற்றது.

ஜெய்லானி பாய் காயல்பட்டினத்துக்காரர். இருபது வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறார். வழியெல்லாம் பாடம். எதையும் வலது கையால் வாங்க வேண்டும். பாதத்தை யார் முகத்துக்கும் நேராக நீட்டக் கூடாது. சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று வாய்விடக் கூடாது, கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

“அப்புறம் முக்கியமா ஒண்ணு, தங்கச்சி. பச்சப்புள்ளைய அழகா இருக்குன்னு சும்மா சொல்லிடக் கூடாது. மாஷா அல்லாஹ் சேத்துச் சொல்லணும். இல்லாட்டிக் கண்ணு பட்டுரும்னு பயப்படுவாங்க.”

தணிகாசலம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாயைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு என்ன தெரியும்?

கண்ணைப் பற்றி அவளுக்கா பாடம்!

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழந்தை இல்லை.

அவள் போகிற வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அவளைக் கண்டதும் பசித்துவிடும். “புள்ளைக்குப் பசி வந்துருச்சு போல” என்று நாத்தனார் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். கொழுந்தன் மனைவியும் அப்படித்தான். வாயோரம் வழிந்த பால்கூடக் காய்ந்திருக்காது.

அவள் விடைபெற்றுப் படியிறங்குவதற்குள் உள்ளே மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தமாம். அவள் தெருமுனை வரை இருமிக்கொண்டே போவாள். அந்த இருமலை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே அவளாகவே ஒரு மரியாதையைப் பழகிக்கொண்டாள். தொட்டிலிலிருந்து நாலடி தள்ளி நிற்பது. குழந்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

குழந்தை தும்மியது.

சின்னத் தும்மல்தான். தும்மிவிட்டு, யார் தும்மியது என்று கேட்பதுபோல் திடுக்கிட்டு முழித்தது.

போச்சு.

“அடி என் தங்கமே!”

வாய் முந்திக்கொண்டது. கையும் சும்மா இருக்கவில்லை. தள்ளி இருந்தபடியே, காற்றில் அந்த முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கியது. பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

ஷம்ஸா நிமிர்ந்து பார்த்தாள்.

ஐயோ, அந்தச் சொல்! காரில் நாலு தரம் சொல்லிப் பார்த்த சொல். நாக்கு எழவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இங்கேயுமா? கடல் தாண்டி வந்துமா?

இனி இந்தக் குழந்தைக்கும் பசிக்கப் போகிறது.

ஷம்ஸா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எழுந்த ஷம்ஸா உள்ளே போகவில்லை. நேரே வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். “மாஷா அல்லாஹ்” என்றாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, சொல்லித்தருகிற மாதிரி. தலைத்துணியின் முனையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“மாஷா அல்லாஹ்” என்றாள் அவளும். குரல் உடைந்திருந்தது.

ஷம்ஸா சிரித்தாள். அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். காலியான காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அறையில் அவளும் குழந்தையும் மட்டும். இப்படி ஒருவரும் அவளை நம்பி விட்டுவிட்டுப் போனதில்லை. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு.

பார்த்தாள்.

வெட்கமில்லாமல், வேண்டுமட்டும் பார்த்தாள். மை தீட்டிய கண். காது மடலில் பூனைமுடி. நெற்றியில் ஒரு கொசுக்கடி. யார் பெற்ற பிள்ளையோ, அவள் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவள் முழங்காலை மெல்ல ஆட்டினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. மை தீட்டிய கண் செருகிச் செருகி மூடியது.

முற்றத்தில் செருப்புச் சத்தம். ஜன்னலுக்கு வெளியே தணிகாசலத்தின் குரல், எப்போதும்போல் ஊருக்கே கேட்கிற மாதிரி.

“என்ன, கிளம்பலாமா? வெயில் ஏறுது.”

“உஷ்ஷ்” என்றாள். “சத்தம் போடாதீங்க. குழந்தை தூங்குது.”

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கொதிக்கிற முற்றத்தில் வெறுங்காலோடு, சத்தமில்லாமல், முன்கூடத்துக்குத் திரும்பி நடந்தார்.